வாகன நிறுத்தக் கட்டணம் கைப்பேசிக்கு வந்த வரலாறு

காரை நிறுத்திவைப்பதற்கான கட்டணத்தைக் கைப்பேசி வழியே செலுத்தும் முறை 2000 ஜூலையில் எஸ்தோனியாவின் தலைநகரான தாலினில் தொடங்கியது. வண்டி எண்ணையும் நிறுத்திய பகுதியின் பெயரையும் குறுஞ்செய்தியாக அனுப்பினால் கணக்கு ஓடத் தொடங்கும். புறப்படும்போது வேறோர் எண்ணை அழைத்தால் நின்றுவிடும். தொகை மாதாந்திரத் தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்ந்து வரும். இன்று செயலி, கியூஆர் குறியீடு, கண்ணாடியில் ஒட்டிய மின்னணு வில்லை என்று பல உருவங்களில் வழங்கும் இந்த முறைக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தேவை ஒன்று இருக்கிறது. நேரத்தை அளப்பது, பணத்தை வாங்குவது, வாங்கியதற்குச் சான்று காட்டுவது ஆகிய மூன்று வேலைகளையும் 1935 முதல் நாணய மீட்டர் ஒரே இடத்தில் நின்று செய்துவந்தது. கைப்பேசி அந்த மூன்றையும் கம்பத்திலிருந்து எடுத்து வேறு வேறு இடங்களில் வைத்தது. ஆகவே இந்த வரலாற்றை மீட்டரிலிருந்து தொடங்குவதே முறை.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி கடைத்தெருவில் வியாபாரிகளுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. அங்குள்ள கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்ப்பவர்கள் காலையில் கொண்டுவந்து விட்ட காரை மாலையில்தான் எடுத்தார்கள். பொருள் வாங்க வந்தவருக்கு நிறுத்த இடமில்லை. இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அவர் வேறு தெருவுக்குப் போய்விடுவார். நேரக் கட்டுப்பாடு பல ஊர்களில் இருக்கத்தான் செய்தது. காவலர் டயரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போவார்; கெடு முடிந்தபின் திரும்பி வந்து, கோடு போட்ட டயர் அசையாமல் அதே இடத்தில் இருந்தால் அபராதச் சீட்டு எழுதுவார். கோட்டைத் துடைத்துவிட்டாலோ காரை நான்கடி நகர்த்தி விட்டாலோ அவரிடம் சான்று இல்லை. இத்தனை கார்களுக்குப் பின்னால் நடக்கக் காவலர்களும் போதவில்லை.

இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தவர் கார்ல் மகீ. பத்திரிகை ஆசிரியரான இவர், நியூ மெக்சிகோவில் இருந்தபோது ‘டீபாட் டோம்’ எண்ணெய் வயல் ஊழலை வெளிக்கொணர்வதில் பங்காற்றியவர். ஓக்லஹோமா சிட்டிக்குக் குடிபெயர்ந்தபின் வணிகர் சங்கத்தின் போக்குவரத்துக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். நேரத்தைக் காவலர் கணக்கிட வேண்டியதில்லை, நிறுத்துமிடத்திலேயே ஒரு கடிகாரம் இருந்தால் போதும் என்பது அவர் எண்ணம். ஸ்டில்வாட்டரில் இருந்த ஓக்லஹோமா வேளாண், பொறியியல் கல்லூரியின் மாணவர்களுக்கு இதற்காக ஒரு போட்டி வைத்தார். வந்த மாதிரிகள் எதுவும் தெருவில் நிற்கும் தரத்தில் இல்லை. பின்னர் அதே கல்லூரியைச் சேர்ந்த ஹோல்கர் துயசன், ஜெரால்டு ஹேல் இருவரும் உருப்படியான கருவியைச் செய்து கொடுத்தார்கள்.

1935 ஜூலை 16 அன்று ஃபர்ஸ்ட் தெருவும் ராபின்சன் அவென்யூவும் சந்திக்கும் முனையில் உலகின் முதல் நிறுத்த மீட்டர் நடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு 5 சென்ட். காசைத் துளையில் போட்டுப் பிடியைத் திருகினால் உள்ளே வில்சுருள் முறுக்கேறும். முள் மேலே ஏறிப் பிறகு மெல்ல இறங்கும். நேரம் தீர்ந்ததும் ஒரு கொடி எழுந்து நிற்கும். தரையில் இருபது அடிக்கு ஒரு கோடு போட்டு ஒவ்வொரு காருக்கும் இடம் பிரித்திருந்தார்கள். காவலர் இனி எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. தெருவின் ஒரு முனையில் நின்று கொடி எழுந்த மீட்டர்களைப் பார்த்தால் போதும்.

முதலில் ஒரு பக்கத்தில் மட்டும் மீட்டர் இருந்தது. அந்தப் பக்கத்தில் இடம் காலியாவதையும் வாடிக்கையாளர்கள் வந்து போவதையும் கண்ட எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. வரி கட்டிப் போட்ட சாலையில் நிற்க மறுபடியும் காசா என்று வழக்குகள் தொடுக்கப்பட்டன. பல நீதிமன்றங்கள் நடுவில் ஒரு கோடு கிழித்தன. நெரிசலை ஒழுங்குபடுத்த வாங்கும் கட்டணம் செல்லும். நகராட்சியின் கஜானாவை நிரப்புவதற்காக மட்டும் வாங்கினால் செல்லாது. இந்த வேறுபாடு மீட்டரின் வரலாறு முழுவதிலும் மறைந்தும் தெரிந்தும் கூடவே வருகிறது. கட்டணத்தின் நோக்கம் வண்டியை நகரச் செய்வதா, வருமானம் ஈட்டுவதா என்ற கேள்விக்கு ஒரு நகரம் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதை அதன் நிறுத்தக் கட்டண முறையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மீட்டர் வந்த அடுத்த மாதமே அதன் இன்னொரு குறை வெளிப்பட்டது. கெடு மீறியதற்காக முதன்முதலில் பிடிபட்டவர் ஒரு பாதிரியார். அவர் சொன்ன காரணம் எளிமையானது: மீட்டரில் போடச் சில்லறை இல்லை, மாற்றி வரக் கடைக்குள் போயிருந்தார். நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். கட்டணம் கட்டத் தயாராக இருப்பவரிடம் அதைக் கட்டுவதற்கான கருவி இல்லாமல் போவது அன்று நாணயத்தில் தொடங்கிய பிரச்சினை. பின்னால் வந்த ஒவ்வொரு முறையும் அதை வேறு உருவத்தில் சுமந்து வந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் மீட்டர் அமெரிக்கா முழுவதும் பரவியது. ஐரோப்பா கொஞ்சம் தயங்கியே ஏற்றது. பாரிஸ் நகரம் 1957-இல் காசு வாங்காமல், வந்து சேர்ந்த நேரத்தைக் காட்டும் அட்டை வட்டு ஒன்றைக் கண்ணாடிக்குள் வைக்கச் சொன்னது. லண்டனில் 1958 ஜூலை 10 அன்று க்ரோஸ்வெனர் சதுக்கத்தை ஒட்டிய பகுதியில் மீட்டர்கள் செயல்படத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்கு ஆறு பென்ஸ், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஷில்லிங். இவற்றைக் கண்காணிக்க 1960-இல் ‘டிராஃபிக் வார்டன்’ என்ற புதிய பணியாளர்கள் தெருவில் இறங்கினார்கள். பின்னர் ஒவ்வொரு காருக்கும் ஒரு கம்பம் என்பது போய், பல கார்களுக்குப் பொதுவாக ஓர் இயந்திரம் வந்தது. அதில் காசு போட்டுச் சீட்டு எடுத்துக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். சான்று கம்பத்திலிருந்து காருக்குள் நகர்ந்த முதல் மாற்றம் இதுதான்.

இயந்திரம் எவ்வளவு திருந்தினாலும் நாணயத்தின் சுமை குறையவில்லை. காசுப்பெட்டிகளைத் திறந்து எடுக்க ஆள், எண்ண ஆள், கொண்டுசெல்ல வண்டி, உடைத்துத் திருடுவோரிடமிருந்து காக்க ஏற்பாடு எல்லாம் வேண்டியிருந்தது. வசூலில் ஒரு பங்கு வசூலிக்கவே போயிற்று. ஓட்டுநருக்கோ வேறொரு தொல்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வந்த கணமே ஊகித்துக் காசு போட வேண்டும். மருத்துவருக்காகக் காத்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? அதிகம் போட்டால் மீதி திரும்பாது. குறைத்துப் போட்டால் அபராதம்.

இந்த இரண்டு தொல்லைகளுக்கும் மாற்று கிடைக்க, பணம் கம்பிவழியோ காற்றுவழியோ போகும் நிலை வர வேண்டியிருந்தது. 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. 1997-இல் ஹெல்சிங்கியில் குறுஞ்செய்தி அனுப்பிக் குளிர்பானம் வாங்கும் தானியங்கி இயந்திரங்களைக் கோகோ கோலா நிறுவனம் வைத்துப் பார்த்தது. தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கடன் கணக்கு மூன்றையும் ஏற்கெனவே வைத்திருந்தது. சிறு தொகைகளை அந்தக் கணக்கிலேயே எழுதிவிடலாம் என்ற யோசனைதான் எல்லாவற்றுக்கும் வித்து.

எஸ்தோனியா 1991-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட சிறிய நாடு. பழைய அமைப்புகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்காமல் புதியவற்றை நேரடியாகக் கட்டும் துணிவு அங்கு அப்போது இருந்தது. ‘புலிப் பாய்ச்சல்’ என்ற திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் போயின. அமைச்சரவைக் கூட்டம் 2000 ஆகஸ்டில் காகிதமின்றி நடக்கத் தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் தாலினில் இஎம்டி என்ற கைப்பேசி நிறுவனம் நிறுத்தக் கட்டணச் சேவையைத் திறந்தது. 1902 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் நேரம் தொடங்கும். 1903-ஐ அழைத்தால் முடியும். கட்டணம் கைப்பேசியில் கட்டப்படுகிறது என்பதைக் கண்காணிப்பாளருக்கு உணர்த்த வண்டிக் கண்ணாடியில் ‘எம்’ எழுத்துள்ள வில்லை ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வில்லையைப் பார்த்த கண்காணிப்பாளர் வண்டி எண்ணைத் தம் கருவியில் தட்டி, கணக்கு ஓடுகிறதா என்று சரிபார்ப்பார்.

இதில் பெரிய மாற்றம் நாணயம் தேவைப்படாமல் போனது என்று பலரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் கட்டணம் முன்பணத்திலிருந்து பின்பணமாக மாறியதே. எவ்வளவு நேரம் நின்றதோ அதற்கு மட்டும் காசு. ஊகம் தேவையில்லை, மீதி போய்விடும் என்ற கவலையும் இல்லை. மீட்டர் வந்து 65 ஆண்டுகளாக ஓட்டுநர்களுக்குக் கிடைக்காத நியாயம் இது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. புறப்படும்போது அழைக்க மறந்தால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின்பும் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

குரோஷியாவின் தலைநகரான ஸாக்ரெப் 2001-இல் வேறு வழியில் போயிற்று. அங்கு ஒவ்வொரு கட்டண மண்டலத்துக்கும் ஓர் எண்: முதல் மண்டலத்துக்கு 700101, இரண்டாவதற்கு 700102, மூன்றாவதற்கு 700103. வண்டி எண்ணை மட்டும் அனுப்பினால் குறிப்பிட்ட நேரத்துக்கான கட்டணம் பிடிக்கப்பட்டு உறுதிச் செய்தி வரும். நேரம் முடியும் தறுவாயில் ஒரு நினைவூட்டலும் வரும். வேண்டுமானால் இன்னொரு செய்தி அனுப்பி நீட்டிக்கலாம். முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளத் தேவையில்லாததால் வெளியூர்க்காரரும் உடனே பயன்படுத்த முடிந்தது. தொடங்கி நிறுத்துவது தாலின் வழி, வாங்கி நீட்டிப்பது ஸாக்ரெப் வழி. பின்னால் உலகெங்கும் வந்த செயலிகள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றையோ இரண்டையும் கலந்தோ பின்பற்றின. வியன்னா 2003-இல் இந்த வரிசையில் சேர்ந்தது.

கைப்பேசி முறை பரவப் பரவச் சான்றின் இடம் மறுபடி நகர்ந்தது. மீட்டர் காலத்தில் சான்று நிறுத்துமிடத்தில் இருந்தது. சீட்டுக் காலத்தில் கண்ணாடிக்குள் இருந்தது. இப்போது தெருவில் எதுவுமே இல்லை. வண்டியின் எண்பலகைதான் சான்று, அதற்கான பதிவு எங்கோ ஒரு கணினியில். கண்காணிப்பாளர் நடந்து பார்க்க வேண்டிய அவசியமும் குறைந்தது. ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் கூரையில் கேமரா பொருத்திய கார்கள் தெருவில் ஓடியபடியே இருபக்கமும் நிற்கும் வண்டிகளின் எண்களைப் படித்து, கட்டணப் பதிவேட்டோடு ஒப்பிட்டுவிடுகின்றன.

நாணயத்துக்கு நினைவில்லை. எந்த மீட்டரில் யார் போட்டார் என்று அதனிடம் கேட்க முடியாது. எண்பலகையோடு சேர்ந்த பதிவு அப்படியல்ல. யாருடைய வண்டி, எந்தத் தெருவில், எந்த நாளில், எத்தனை மணிக்கு நின்றது என்பது அதில் இருக்கிறது. நெதர்லாந்தின் வரித்துறை ஒரு குறுஞ்செய்தி நிறுத்தச் சேவை நிறுவனத்திடம் வாடிக்கையாளர்களின் நிறுத்தப் பதிவுகளைக் கேட்டது. அலுவலகம் கொடுத்த காரைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தவில்லை என்று கூறி வரி குறைத்துக்கொண்டவர்களைச் சரிபார்ப்பது நோக்கம். நிறுவனம் தர மறுத்தது. முதலில் நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வரி ஏய்ப்பைப் பிடிப்பது சரியே. ஆனால் காரை நிறுத்த ஒரு யூரோ கட்டியவர், தன் நடமாட்டத்தின் குறிப்பேடு ஒன்றை எழுதிக் கொடுக்கிறோம் என்று நினைத்துக் கட்டவில்லை. இந்தப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கலாம், யார் கேட்கலாம் என்பதை ஒவ்வொரு நகரமும் ஒப்பந்தம் போடும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

பிரிட்டனில் கைப்பேசிக் கட்டணத்துக்கான ரிங்கோ சேவை 2006-இல் வந்தது. தெருப்பலகையில் அந்த இடத்துக்கான எண் ஒன்று இருக்கும். அழைத்தோ செய்தி அனுப்பியோ அந்த எண்ணைச் சொல்லி, வங்கி அட்டையில் பணம் கட்டலாம். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் நாணய இயந்திரங்களைக் குறைத்துக் கைப்பேசிக்கு மாறிய முன்னோடிகளுள் ஒன்று. இயந்திரங்களை உடைத்துக் காசு திருடும் தொல்லையும் அதற்கு ஒரு காரணம். ஐபோனின் செயலிக் கடை 2008-இல் திறந்தபின் குறுஞ்செய்தி மெல்லப் பின்னுக்குப் போயிற்று. வரைபடத்தில் இடத்தைத் தொட்டு, நிமிடத்தைத் தேர்ந்து, அட்டையில் கட்டுவது வழக்கமாயிற்று. பணமும் தொலைபேசி நிறுவனத்தின் கையை விட்டு வங்கி அட்டைக்குப் போனது.

கார் நிறுவனங்கள் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தது இந்தக் கட்டத்தில்தான். கனடாவின் வான்கூவரில் பிறந்த பேபைஃபோன் என்ற நிறுத்தக் கட்டண நிறுவனம் 2016-இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் நிதி நிறுவனத்திடம் போயிற்று. பிஎம்டபிள்யூவும் டைம்லரும் தங்கள் நிறுத்தச் சேவைகளை 2019-இல் ஒன்றாக்கின. அப்படி ஒன்றான சேவையை 2021-இல் ஈசிபார்க் என்ற நிறுத்தக் கட்டண நிறுவனம் வாங்கியது. நகராட்சியின் கம்பத்தில் நடந்த வசூல் ஒரு தலைமுறைக்குள் பன்னாட்டு வணிகமாகிவிட்டது.

இதன் விளைவை அனுபவித்தவர் ஓட்டுநர். ஒரு நகராட்சியில் ஒரு செயலி, பக்கத்து நகராட்சியில் வேறொன்று, ரயில் நிலையத்தில் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் பெயர், வண்டி எண், அட்டை எண் என்று பதிவு செய்ய வேண்டும். மழையில் நின்றபடி கடவுச்சொல்லை மீட்டெடுப்பவரை எந்தப் பிரிட்டிஷ் கடற்கரை ஊரிலும் பார்க்கலாம். நாணய இயந்திரங்கள் அகற்றப்பட்ட இடங்களில் முதியோர்கள் வெளியே போவதையே குறைத்துக்கொள்வதாக முதியோர் நல அமைப்புகள் முறையிட்டன. செயலியை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்று 2023-இல் அமைச்சர் மைக்கேல் கோவ் உள்ளாட்சி மன்றங்களுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது பொதுப் பிரச்சினையாயிற்று. எந்தச் செயலி கையில் இருந்தாலும் எந்த இடத்திலும் கட்டலாம் என்ற வகையில் தேசியத் தளம் ஒன்றும் அங்கு உருவாக்கப்பட்டது. தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

சிங்கப்பூர் இதே சிக்கலை வேறு விதமாக அணுகியது. அந்த நகர அரசு காரை அடக்கி வைப்பதில் நெடுங்காலமாக முன்னோடி. நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் நுழைய 1975-இலேயே காகித உரிமச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 1998-இல் அது மின்னணுச் சாலைக் கட்டணமாக மாறியது. ஆனால் சாலையோரத்திலும் திறந்தவெளி நிறுத்துமிடங்களிலும் 1980களில் வேரூன்றிய காகிதக் கூப்பன் முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் அசையவில்லை.

கூப்பன் ஒரு சிறிய காகிதச் சீட்டு. மாதம், தேதி, மணி, நிமிடம் என்று அச்சிட்ட சிறு தாவல்கள் அதில் இருக்கும். வண்டியை நிறுத்தியதும், வந்த நேரத்துக்குரிய தாவல்களைக் கிழித்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் வெளியிலிருந்து தெரியும்படி வைக்க வேண்டும். பெட்ரோல் நிலையத்திலோ கடையிலோ புத்தகமாக வாங்கிக் காருக்குள் வைத்திருப்பார்கள். மையப் பகுதிக்கு வெளியே 2016 டிசம்பர் முதல் அரைமணி நேரத்துக்கு 60 காசு. ஒரு மணி நேரம் நிற்க இரண்டு கூப்பன், இரண்டு மணி நேரத்துக்கு நான்கு. நான்கையும் வரிசையாக, அடுத்தடுத்த நேரங்களைக் கிழித்து அடுக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து கூப்பன் போட ஓடுவது அந்த ஊரின் அன்றாடக் காட்சியாக இருந்தது. தாவலைக் கிழிக்காமல் மடக்கி வைத்து மறுபடி பயன்படுத்தும் தந்திரமும் இருந்தது, பிடிபட்டால் தண்டனை. கிழித்த தாவல்கள் தரையெங்கும் சிதறிக் கிடக்கும். முப்பத்தைந்து நிமிடம் நின்றவரும் ஒரு மணி நேரத்துக்குக் கட்டினார் என்பதுதான் இதில் பெரிய அநீதி.

2017 அக்டோபர் 1 அன்று ‘பார்க்கிங்.எஸ்ஜி’ செயலி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நகர மறுசீரமைப்பு ஆணையம் மூன்றும் சேர்ந்த முயற்சி அது. கூப்பன் பயன்பாட்டில் இருந்த ஏறத்தாழ 1,100 பொது நிறுத்துமிடங்களில் ஒரே நாளில் செல்லுபடியாயிற்று. கட்டணம் நிமிடக் கணக்கில். சீக்கிரம் புறப்பட்டால் செயலியில் முடித்துக்கொள்ளலாம். மீதி நேரத்துக்கான பணம் திரும்பி வரும். உட்கார்ந்த இடத்திலிருந்தே நீட்டிக்கலாம். கண்காணிப்பாளர் எண்பலகையைக் கைக்கருவியில் சரிபார்ப்பார்.

செயலியை அரசின் சொந்தப் பொறியாளர்களே எழுதியதும், நாடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று என்று வைத்ததும், காகிதக் கூப்பனை உடனே ஒழிக்காமல் கூடவே ஓட விட்டதும் அதன் வெற்றிக்குக் காரணங்கள். கைப்பேசி இல்லாதவரையும் பழகாதவரையும் ஒரே இரவில் குற்றவாளியாக்கவில்லை. பிரிட்டன் சந்தைக்கு விட்டதைச் சிங்கப்பூர் பொதுப்பணியாகக் கருதியது. ஒரு நகரமே நாடாக இருப்பதன் வசதி அதற்கு உண்டு என்பது உண்மைதான். ஆயினும் பொதுச் சாலையின் கட்டணத்தைப் பொது நிறுவனமே வசூலிப்பது பெரிய நாடுகளின் நகரங்களுக்கும் இயலாத காரியம் இல்லை.

கட்டணம் நிமிடக் கணக்குக்கு வந்ததும் பழைய பொருளியல் யோசனை ஒன்று உயிர்பெற்றது. நெரிசலுக்கு ஏற்ப மீட்டர் கட்டணம் ஏறி இறங்க வேண்டும் என்று 1950களிலேயே எழுதியவர் வில்லியம் விக்ரி. 1996-இல் நோபல் பரிசு பெற்றவர். கலிஃபோர்னியப் பேராசிரியர் டொனால்டு ஷூப் 2005-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு தெருப்பகுதியிலும் ஓரிரு இடம் எப்போதும் காலியாக இருக்கும் அளவுக்கே விலை வைக்க வேண்டும் என்று வாதாடினார். இலவச இடம் தேடிச் சுற்றும் வண்டிகளே நெரிசலின் ஒரு பெரும்பகுதி என்பது அவர் ஆய்வின் சாரம். சான்ஃபிரான்சிஸ்கோ 2011-இல் தரையில் உணரிகளைப் பதித்து, தெருவுக்குத் தெரு, நேரத்துக்கு நேரம் கட்டணத்தை மாற்றிப் பார்த்தது. சில தெருக்களில் விலை ஏறியது, பல தெருக்களில் இறங்கவும் செய்தது. ஓட்டுநர் மீட்டரில் காசு போட நின்றிருந்தால் இவ்வளவு விலைகளை அவருக்குத் தெரிவிக்க முடியாது. கையில் உள்ள திரை அதைச் சாத்தியமாக்கியது.

மோசடியும் புதிய உடையில் வந்தது. 2022 ஜனவரியில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டண இயந்திரங்களில் போலிக் கியூஆர் வில்லைகள் ஒட்டப்பட்டிருப்பது தெரியவந்தது. படம் பிடித்தவரைப் போலித் தளத்துக்கு இட்டுச் சென்று அட்டை விவரங்களைப் பறிப்பது அதன் வேலை. அமெரிக்காவின் பார்க்மொபைல் செயலியிலிருந்து 2021-இல் சுமார் 2 கோடியே 10 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்கள் கசிந்தன. வண்டி எண்களும் அவற்றில் அடக்கம். காசுப்பெட்டியை உடைத்த திருடனுக்கு ஒரு நாள் வசூல் கிடைத்தது. இப்போது உடைபடுவது மக்களின் பதிவேடு.

இந்தியாவில் நாணய மீட்டர் என்ற கட்டமே பெரும்பாலும் இல்லை. இங்கே நிறுத்தக் கட்டணம் என்றால் ஒப்பந்தக்காரர், அவர் வைத்த ஆள், அந்த ஆள் கையில் உள்ள ரசீதுப் புத்தகம். பலகையில் எழுதிய தொகை ஒன்று, கேட்கும் தொகை வேறு என்பது எல்லா ஊர்களிலும் எழும் புகார். கைப்பேசியில் பணம் அனுப்பும் யூபிஐ முறை 2016-இல் வந்தது. வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் மின்னணு வில்லையான ஃபாஸ்டாக் 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் டெல்லியின் காஷ்மீரி கேட் மெட்ரோ நிலையத்தில் ஃபாஸ்டாக், யூபிஐ இரண்டாலும் கட்டும் நிறுத்துமிடம் திறக்கப்பட்டது. சென்னையில் 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்ததை ஒட்டிய காலத்தில், மாநகராட்சி திறன்மிகு நிறுத்த முறையையும் செயலியையும் கொண்டுவந்தது. காருக்கு மணிக்கு 20 ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 5 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள்.

இருந்தும் தமிழ்நாட்டின் பெரும்பாலான நிறுத்துமிடங்களில் கைப்பேசி நுழைந்த விதம் தாலினிலோ சிங்கப்பூரிலோ நிகழ்ந்ததைப் போன்றதன்று. அங்கே கைப்பேசி, வசூலிப்பவரின் இடத்தைப் பிடித்தது. இங்கே வசூலிப்பவரின் கழுத்தில் தொங்கும் அட்டையில் கியூஆர் குறியீடு இருக்கிறது. ஓட்டுநர் அதைப் படம் பிடித்துப் பணம் அனுப்புகிறார். பணம் கைமாறும் வழி மாறியிருக்கிறதே ஒழிய, வண்டி எண்ணோ வந்த நேரமோ எங்கும் பதிவாவதில்லை. மணிக்கணக்கு இல்லாததால் பகல் முழுவதும் நிற்பவரும் பத்து நிமிடம் நிற்பவரும் பல இடங்களில் ஒரே தொகையைத்தான் கொடுக்கிறார்கள். ஓக்லஹோமா வியாபாரிகள் 1935-இல் தீர்க்க முயன்ற பிரச்சினை தியாகராய நகரிலும் மதுரை மாசி வீதிகளிலும் இன்னும் அப்படியே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழக நகராட்சிகள் இதைச் சரிசெய்ய வெளிநாட்டு இயந்திரம் எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. யூபிஐ ஏற்கெனவே ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் இருக்கிறது. வேண்டியது வண்டி எண்ணையும் நேரத்தையும் இணைத்துக் கணக்கெழுதும் ஒரே பொதுத் தளம். பணம் ஒப்பந்தக்காரரின் கணக்குக்குப் போகாமல் மாநகராட்சியின் கணக்குக்கே போகும் குறியீடு. தொகையைத் தெளிவாகத் தமிழில் எழுதிய பலகை. பதிவுகளை அழிக்கும் கெடு. கைப்பேசி இல்லாதவரும் ரொக்கம் கொடுத்து அதே ரசீதைப் பெற வேண்டும். இந்த ஏற்பாடுகளைச் செய்த பிறகே அபராதம் விதிக்கத் தொடங்குவது நியாயம்.